வாசகர் கேள்வி – பதில்: புரூஸ் லீயும் நம் தோட்டத்து வாத்தியாரும்

இம்மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து நான்கு கடிதங்கள் ஒரே உறைக்குள் வந்தன. தமிழ்ப்பள்ளித் திடலில் நடக்கும் மாலைச் சிலம்ப வகுப்பு முடிந்தபின் எழுந்த ஒரு வாக்குவாதமே அவற்றுக்குக் காரணம் என்று முதல் கடிதம் சொல்கிறது. பொருள் ஒன்றாக இருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இப்பகுதி முழுவதையும் இவற்றுக்கே ஒதுக்குகிறேன். நானும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில் பிறந்து, ரப்பர் பால்மரக் காட்டுக்கு நடுவே கம்பு பிடிக்கக் கற்றவன் என்பதால் இதில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

கேள்வி: ஐயா, புரூஸ் லீ ஓர் அங்குல தூரத்திலிருந்து குத்தி ஆளைப் பறக்கவிட்டார், சங்கிலியால் இணைத்த இரு குறுந்தடிகளான நுன்சாக்குவால் மேசைப்பந்து ஆடினார், எந்தச் சண்டையிலும் தோற்றதில்லை என்று எங்கள் வகுப்பில் சிலர் சொல்கிறார்கள். எல்லாம் சினிமா, அவர் வெறும் நடிகர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வாத்தியாரைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். எது உண்மை, எது கதை என்று எப்படிப் பிரிப்பது?
– சிலம்பம் பயிலும் இளைஞர்

பதில்: தம்பி, இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. ஒவ்வொரு கதையும் பிறந்த இடம் வேறு, அதற்கு நிற்கும் சாட்சி வேறு.

மேசைப்பந்து பற்றிய பேச்சை உடனே முடித்துவிடலாம். புரூஸ் லீ 1973 ஜூலை 20-ஆம் நாள் ஹாங்காங்கில் காலமானார். அவர் நுன்சாக்குவால் மேசைப்பந்து ஆடுவதாகச் சுற்றிவரும் காணொளியோ 2008-இல் நோக்கியா நிறுவனம் சீனாவில் ஒரு கைப்பேசியை விற்பதற்காக எடுத்த விளம்பரம். அவரைப் போன்ற தோற்றமுடைய ஒருவரை ஆடவைத்து, பந்தைக் கணினியில் சேர்த்து, பழைய படச்சுருள் போலத் தோன்றும்படி மங்கலாக்கியிருந்தார்கள். அவர் நுன்சாக்கு சுழற்றியது மட்டும் உண்மை. அதை அவருக்கு அறிமுகப்படுத்தியவர், பிலிப்பீன்ஸ் கம்புக் கலைகளில் தேர்ந்தவரான அவருடைய நண்பர் டான் இனோசாண்டோ.

ஓர் அங்குலக் குத்து அப்படிப்பட்டதன்று. 1964-இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் நடந்த அனைத்துலகக் கராத்தே போட்டியின்போது, பல பாணிகளைச் சேர்ந்த வீரர்கள் பார்த்திருக்க அவர் அதைச் செய்து காட்டினார். அது படமாகவும் பதிவாகியிருக்கிறது. ஆகவே நடந்ததா என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். குத்து வாங்குபவர் தடுக்காமலும் நகராமலும் நேராக நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. குத்து விழுந்ததும் தடுமாறிப் பின்னோக்கிச் சென்று அதில் விழுகிறார். முன்பின்னாகக் கால் வைக்காமல் நிற்பவரைப் பின்னால் தள்ளுவது எவ்வளவு எளிது என்பது காலடி பழகிய உங்களுக்கே தெரியும். சண்டையில் எவரும் அப்படி நின்று தரமாட்டார். அதனால் அந்தக் குத்தைக் கொண்டு எவரையும் வீழ்த்தலாம் என்று அந்தப் படம் நிறுவவில்லை.

ஆயினும் அதில் இருக்கும் வித்தை பெரியது, அதைச் சொல்லாமல் விடுவது அநீதி. கை நீள்வதற்கு இடமில்லாதபோது வலு எங்கிருந்து வருகிறது? பின்குதிகால் தரையை அழுத்த, முட்டி நிமிர, இடுப்பு திரும்ப, தோளும் முழங்கையும் தொடர, கடைசியில் மணிக்கட்டு நிமிர்கிறது. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கைமுட்டியில் வந்து சேர வேண்டும். ஒன்று சற்றே முந்தினாலும் பிந்தினாலும் வலு சிதறிவிடும். இதற்குப் பக்கபலமாக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கருப்புப் பட்டை பெற்ற 12 கராத்தே வீரர்களையும், கராத்தே பழகாத ஆனால் உடல் உறுதியுள்ள 12 பேரையும் 5 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து குத்தவைத்துப் பார்த்தார்கள். வீரர்களின் குத்தே வலுவாக இருந்தது. தோளும் மணிக்கட்டும் உச்ச வேகத்தை எட்டும் நேரம் எவ்வளவு பொருந்தி வருகிறதோ அவ்வளவுக்கு வலுவும் மிகுந்தது என்பதோடு, அசைவுகளை ஒருங்கிணைக்கும் சிறுமூளையின் நரம்பிழை அமைப்பிலும் பழகியவருக்கும் பழகாதவருக்கும் வேறுபாடு தெரிந்தது. கையின் பருமனைவிட ஆண்டுக்கணக்கான சாதகமே அங்கே பேசுகிறது.

தோற்காதவர் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசானின் பள்ளியில் விங் சுன் என்ற குங்ஃபூ பாணியைப் பயின்ற மாணவப் பருவத்தில், 1958-இல், பள்ளிகளுக்கிடையேயான குத்துச்சண்டைப் போட்டியில் புரூஸ் லீ வென்றார். அதே ஆண்டு சா-சா நடனப் போட்டியிலும் வென்றார் என்பதைப் பலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். தாளத்தில் கால் வைக்கத் தெரிந்தவனுக்குச் சண்டையில் அது எவ்வளவு உதவும் என்பதை எண்ணினால் அது வேடிக்கையாகத் தோன்றாது. அதன் பிறகு அவர் தொழில்முறை அரங்கில் இறங்கவே இல்லை. வெற்றி தோல்விப் பட்டியலே இல்லாத ஒருவரை வெல்லப்படாதவர் என்று அழைப்பதில் பொருளில்லை.

இருக்கும் ஒரே பெரிய மோதல், 1964 இறுதியில் ஓக்லண்டில் அவருடைய பயிற்சிக்கூடத்தில் வோங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ வீரருடன் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. பார்த்தவர் சிலரே, அவர்களும் ஏதேனும் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்கள். புரூஸ் லீயின் மனைவி லிண்டா, சண்டை சுமார் 3 நிமிடத்தில் தம் கணவரின் வெற்றியோடு முடிந்தது என்றார். வோங் தரப்போ 20 நிமிடத்துக்கும் மேல் நீடித்தது என்றது. சீனர் அல்லாதவருக்குப் புரூஸ் லீ கற்றுத் தந்ததால் வந்த சண்டை என்று ஒரு தரப்பும், அவர் மேடையில் விடுத்த அறைகூவலால் வந்தது என்று மறு தரப்பும் சொல்கின்றன. இப்படி நேர்மாறான இரண்டு சொற்களுக்கு நடுவே நான் தேடுவது, தனக்கே பாதகமாக ஒருவர் ஒப்புக்கொண்ட செய்தியை. அது இங்கே இருக்கிறது. வென்றதாகச் சொன்ன புரூஸ் லீயே அந்தச் சண்டையில் தமக்கு மூச்சு வாங்கியதையும், எதிரியை முடிக்க அதிக நேரம் பிடித்ததையும் நினைத்து மனம் நொந்தார். அதன் பிறகே ஓட்டம், எடைப் பயிற்சி, மேலைக் குத்துச்சண்டை, வாட்போர் ஆகியவற்றையெல்லாம் ஆராய்ந்து, 1967-இல் ஜீட் குன் டோ என்று பெயரிட்ட வழியை வகுத்தார். கதையில் வரும் வெல்லப்படாத வீரனுக்கு இந்தத் தேடல் தேவைப்பட்டிருக்காது.

வெறும் நடிகர் என்போருக்கும் ஒரு கேள்வி உண்டு. ஜோ லூயிஸ், சக் நோரிஸ் போன்ற கராத்தே சாம்பியன்கள், களத்தில் தாங்களே பட்டம் வென்றவர்கள், 1960-களின் பிற்பகுதியில் எதற்காக அவரிடம் வந்து பயின்றார்கள்? அப்போது அவர் உலகம் அறிந்த நட்சத்திரமும் அல்லர். பெரும் புகழ் தந்த படங்கள் 1971-க்குப் பிறகே வந்தன. தொழில் தெரிந்தவன் தன் நேரத்தைச் செலவழித்துக் கற்க வருவதைவிட நம்பகமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1970-இல், தோளில் பாரத்தை வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சியில் முதுகு நரம்பு அடிபட்டு, மாதக்கணக்கில் படுத்திருந்து, பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதி, மீண்டும் எழுந்து வந்தவர் அவர். அந்த எழுந்து வருதலை எந்தப் புராணத்தைவிடவும் நான் உயர்வாக மதிக்கிறேன்.

அவருடைய கை கேமராவுக்கே தெரியாது என்ற பேச்சும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருக்கிறது. திரைப்படச் சுருள் வினாடிக்கு 24 படம் எடுக்கும். பத்தில் ஒரு வினாடியில் முடியும் குத்து இரண்டு மூன்று படங்களுக்குள் அடங்கிப் புகைபோலத் தெரியும். நல்ல குத்துச்சண்டை வீரர் எவருக்கும் இது பொருந்தும். கண்ணால் கண்டதற்குக் கை அசைய மனிதருக்குச் சுமார் ஐந்தில் ஒரு வினாடி ஆகிறது. ஆகவே வேகத்தைவிட முக்கியமானது, குத்து புறப்படப்போகிறது என்பதைத் தோளோ கண்ணோ முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது. புரூஸ் லீ விடாமல் உழைத்தது அந்த மறைப்புக்காகவே. அவர் படங்களை மீண்டும் பார்க்கும்போது கையை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள்.

கேள்வி: என் தந்தை 1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலியை நேரில் பார்த்தவர். புரூஸ் லீ அலியை வென்றிருப்பாரா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓயவில்லை.
– லாரி ஓட்டுநர்

பதில்: உங்கள் தந்தையார் பார்த்தது 1975 ஜூலை 1-ஆம் நாள் நடந்த போட்டி, ஜோ பக்னரை அலி 15 சுற்றுகளில் புள்ளிகளால் வென்றார். அலி 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், 100 கிலோவை ஒட்டிய எடை. புரூஸ் லீ சுமார் 172 சென்டிமீட்டர், அறுபது கிலோவுக்குச் சற்று மேல். குத்துச்சண்டை விதிக்குள் இப்படி ஒரு போட்டியை எந்த நடுவரும் அனுமதிக்க மாட்டார், எடைப்பிரிவு என்பதே அதற்காக ஏற்பட்டது. அலியின் போட்டிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து அவருடைய காலசைவைப் படித்த மாணவர் புரூஸ் லீ என்பதை மட்டும் உங்கள் தந்தையாரிடம் சொல்லுங்கள், அவர் மகிழ்வார்.

கேள்வி: என் மகன் பயிலும் இடத்தில் ஒருவர், தொடாமலே ஆளை வீழ்த்தும் வர்மத்தைத் தனியாகக் கற்றுத் தருவதாகச் சொல்லி 800 ரிங்கிட் கேட்கிறார். புரூஸ் லீயே அப்படிப்பட்ட இரகசிய அடியால்தான் பல நாள் கழித்து இறந்தார் என்று மகன் நம்புகிறான். பணம் கொடுக்கலாமா?
– ஒரு தாய்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா.

புரூஸ் லீயின் மரணத்தில் மறைபொருள் எதுவும் தேவையில்லை. 1973 மே 10-ஆம் நாள் ஹாங்காங்கில் படத்துக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். மூளை வீங்கியிருப்பதாக மருத்துவர்கள் கண்டார்கள். ஜூலை 20-இல் தலைவலிக்காக ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டு படுத்தவர் எழவில்லை. பிரேதப் பரிசோதனையில் மூளை மீண்டும் வீங்கியிருந்தது தெரிந்தது; உடலில் அடிபட்ட காயம் இல்லை. விசாரணை அதைத் தற்செயலாக நேர்ந்த மரணம் என்று முடித்தது. வீக்கத்துக்கு மூலகாரணம் மாத்திரையின் ஒவ்வாமையா, வெப்பமா, உடலின் நீரும் உப்பும் சமன் குலைந்ததா என்று மருத்துவர்கள் பின்னாளிலும் வாதிட்டார்கள். அந்த வாதம் எதிலும் இரகசிய அடிக்கு இடமில்லை.

32 வயதில் அப்படியொரு உடல் சரிந்ததை மக்களால் தாங்க முடியவில்லை என்பதே கதை பிறந்த இடம். இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. சீனக் குங்ஃபூ வீரர் ஹுவோ யுவான்ஜியா 1910-இல் நோயுற்று இறந்தபோது, ஜப்பானியர் நஞ்சு வைத்தார்கள் என்ற பேச்சு எழுந்து நிலைத்துவிட்டது. அவர் பெயரோடு ஷாங்காயில் தொடங்கிய சின் வூ இயக்கத்தின் பெயரைத்தான் கோலாலம்பூரின் சின் வூ அரங்கம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1972-இல் புரூஸ் லீ நடித்த ஒரு படம் அந்த நஞ்சுக் கதையின் மேல் கட்டப்பட்டது; அடுத்த ஆண்டே அவரும் இறக்க, மக்கள் அதே கதையை அவருக்கும் சூட்டிவிட்டார்கள்.

வர்மத்தை நான் இகழவில்லை. உடலில் அடிபட்டால் ஆபத்தான இடங்களைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 ஆக வகுத்து, அடிபட்டவனை எழுப்பும் மருத்துவத்தையும் சேர்த்தே கற்பித்த மரபு அது. பொட்டிலும் தொண்டையிலும் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்பது உண்மை. மார்பில் இதயத்துக்கு நேரே, துடிப்பின் ஒரு நுண்ணிய கணத்தில் விழும் அடி, எலும்பு முறியாமலே இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதையும் இன்றைய மருத்துவம் ஏற்கிறது; விளையாட்டுத் திடலில் பந்து பட்டு இறந்த சிறுவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கணத்தைக் குறிபார்த்து அடிக்க எவராலும் இயலாது, தொடாமல் செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2006-இல் ஜப்பானில் யானாகி ரியூகென் என்பவர், கையசைவிலேயே தம் மாணவர்களைக் கூட்டமாகச் சாய்த்துக் காட்டியவர், வெளியிலிருந்து வந்த ஒரு கலப்புச் சண்டை வீரரை எதிர்கொண்டார். சில அடிகளிலேயே முகத்தில் இரத்தம் வழிய, ஆட்டம் நிறுத்தப்பட்டது. அவர் மாணவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. குருவின் மேல் வைத்த பக்தியால் விழப் பழகிவிட்டவர்கள். உங்கள் மகனும் அப்படி ஒருவனாக ஆகிவிடக்கூடாது என்பதே என் கவலை. அந்தப் பயிற்றுநர் தம்மிடம் பயிலாத ஒருவரை, உங்கள் மகனுடைய மாமாவையோ பெரியப்பாவையோ, நடுத்திடலில் நிறுத்திச் செய்து காட்டட்டும். மறுத்தால் அதுவே விடை.

கேள்வி: என் பாட்டனார் எங்கள் தோட்டத்தில் சிலம்ப வாத்தியாராக இருந்தவர். அவர் கம்பு சுற்றினால் மழைத்துளி மேலே படாது, சுற்றி நின்று கல் எறிந்தாலும் ஒன்றும் தொடாது என்று சொல்லி எங்களை வளர்த்தார்கள். என் பேரப்பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிறார்கள். தோட்டம் செம்பனையாகி, லயங்களும் போய்விட்டன. அவரிடம் பயின்றவர்களில் இருவர் மட்டும் இருக்கிறார்கள், ஒருவர் ஈப்போவில், ஒருவர் இங்கேயே. நான் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை

பதில்: அம்மையீர், உங்கள் கடிதத்தை வாசித்தபின் வெகுநேரம் மற்ற வேலை ஓடவில்லை. எங்கள் தோட்டத்திலும் இதே சொற்களில் இதே கதை இருந்தது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தேர்ந்த கை வினாடிக்கு 4 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்புக்கு இரு முனை என்பதால் ஓரிடத்தை அது வினாடிக்கு 8 முறை கடக்கும். பெரிய மழைத்துளி வினாடிக்கு 8 முதல் 9 மீட்டர் வேகத்தில் விழும். ஆகவே கம்பு ஒருமுறை கடந்து மறுமுறை வருவதற்குள் துளி ஒரு மீட்டர் இறங்கிவிடும். பெருவிரல் பருமனுள்ள பிரம்பால் மழையைத் தடுக்க முடியாது. நான்கு புறமும் நின்று ஒரே நேரத்தில் எறியும் கற்களையும் தடுக்க முடியாது. பிள்ளைகள் சிரித்தது தவறில்லை.

ஆனால் பார்த்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. திருவிழா இரவில், கம்பின் இரு முனையிலும் துணி சுற்றித் தீ மூட்டி வீசுவார்கள். ஒளி நகர்ந்த பிறகும் அதன் தடம் கணநேரம் கண்ணில் நிற்பதால், முனைகள் முழு வட்டமாக, இடைவெளியற்ற நெருப்புச் சக்கரமாகத் தெரியும். லயத்து வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சக்கரத்துக்குள் எதுவும் நுழையாது என்றே தோன்றியிருக்கும்.

கல் கதையில் இன்னும் ஆழமான உண்மை இருக்கக்கூடும். பத்து மீட்டர் தொலைவில் ஒருவர் எறியும் கல், வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்தாலும், சேர்வதற்கு மூன்றில் இரண்டு வினாடி ஆகும். எறிபவனின் தோளைப் பார்த்தே திசையை அறியும் கண்ணும், நின்ற இடத்தில் வேரூன்றாத காலும் இருந்தால் அந்த நேரம் தாராளம். ஒருவர் பின் ஒருவராக எறிந்திருந்தால், உங்கள் பாட்டனார் உடம்பில் ஒரு கல்லும் படாமல் இருந்திருக்க முடியும். பார்த்தவர் கண் கம்பில் இருந்தது, வேலை காலில் நடந்தது. மேலே தம்பிக்குப் புரூஸ் லீயின் குத்தைப் பற்றி எழுதும்போதும் குதிகாலிலிருந்துதான் தொடங்கினேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இந்தக் காலடி ஏன் கதையில் இல்லை? பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த, தோட்டத் துண்டாடல் காலத்தை நீங்கள் அறிவீர்கள். உங்கள் ஊரைச் சேர்ந்த, ம.இ.கா. தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தக் கொடுமையைக் கண்டுதான். ஒரு வாத்தியாரின் திறமைக்கு உண்மையான பதிவேடு அவருடைய மாணவர்களின் உடம்பு. அவர்கள் தோட்டம் விட்டுத் தோட்டம், பிறகு பட்டணம் என்று சிதறியபோது காலடி அறுந்தது. கூட உட்கார்ந்து பார்த்தவர்களின் வியப்பு மட்டும் வாய்வழியாக மிஞ்சியது. எழுதிவைக்க ஆளில்லாத எளிய மக்களின் ஆசான்களுக்கு இது நேர்ந்தது என்பதை நினைக்கையில் எனக்கு நெஞ்சு கனக்கிறது. புரூஸ் லீக்குப் படச்சுருளும் அவர் கைப்படக் குறிப்புகளும் இருக்கின்றன. உங்கள் பாட்டனாருக்கு இருப்பது அந்த இருவர்.

எனவே பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தாமதிக்காமல் போங்கள். கதை கேட்டுத் தொடங்காதீர்கள். கதை கேட்டால் அவர்களும் மழையையும் கல்லையுமே சொல்வார்கள். இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். கையில் ஒரு கம்பைக் கொடுத்து, வாத்தியார் முதல் நாள் எந்தக் காலை எங்கே வைக்கச் சொன்னார், வணக்கம் செலுத்தித் தொடங்கும் சலாம் வரிசையில் எத்தனை அடி, பின்வாங்கும்போது எந்தக் குதி முதலில் எழும், யாரை எதற்காகக் கண்டித்தார் என்று கேளுங்கள். ஈப்போக்காரரும் உள்ளூர்க்காரரும் ஒரே மாதிரி கால் வைத்தால், அந்தக் காலடி உங்கள் பாட்டனாருடையது என்று தயங்காமல் எழுதிவையுங்கள். கைப்பேசியில் படம் பிடிக்கும்போது முகத்தோடு நிறுத்திவிடாமல் பாதம் வரை தெரியும்படி பிடிக்கச் சொல்லுங்கள். முட்டி வலிக்கிறது, நிற்க முடியாது என்று அவர்கள் சொன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு விரல்களைக் கால்களாக வைத்து மேசை மேல் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். என் வாத்தியார் தம் கடைசி ஆண்டில், மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில், எனக்குச் சிலம்பக் காலடியின் எட்டாம் சுவடைக் காட்டித் தந்தது அப்படித்தான்.